அதிர்ச்சியலையும் குளிர்முகப்பும்

1886ஆம் ஆண்டில் ஏர்னஸ்ற் மாக் என்னும் பௌதிக அறிஞரும் பீற்றர் சால்ச்சர் என்பவரும் சேர்ந்து, துப்பாக்கியிலிருந்து புறப்பட்டுப் பறந்துகொண்டிருந்த ஒரு குண்டைப் புகைப்படம் எடுத்தனர். படத்திலே குண்டு அசையாமல் நின்றது. ஆயினும் அதன் மூக்குக்கு முன்னே, வில்லைப்போல வளைந்த மெல்லிய கோடு ஒன்று தெரிந்தது. காற்றிலே எழுந்த அதிர்ச்சியலையின் உருவமே அக்கோடு. ஒரு பொருள் ஒலியிலும் மெதுவாகச் செல்லும்போது, அது வருகின்றது என்ற செய்தியை ஒலியலைகள் முன்கூட்டியே கொண்டு செல்ல, முன்னாலுள்ள காற்று விலகி வழிவிடுகின்றது. ஒலியை முந்திக்கொண்டு வரும் பொருளோ அறிவித்தலின்றி வந்து பாய்வது. காற்று விலக நேரமின்றி ஒரு மெல்லிய படையிலே திடீரென நெருக்குண்டு சூடேறுகின்றது. அக்கோட்டின் சாய்வை அளந்தால், அசையாத படத்திலிருந்தே குண்டின் வேகத்தைக் கணித்துவிடலாம்.

அசையாத படத்திலிருந்து வேகத்தை அறிதல் வானியலாருக்கு மிகவும் வேண்டிய ஒரு வித்தை. வானத்திலே மிகப் பெரிய பொருள்கள் ஒன்றோடொன்று மோதி இணைந்து முடிய நூறு கோடி ஆண்டுகளுக்கு மேலாகும். மனிதன் தொலைகாட்டியைக் கண்டுபிடித்து நானூறு ஆண்டுகளே கழிந்துள்ளன. நம்மை நோக்கி வரும் பொருளின் வேகத்தையும் நம்மைவிட்டு விலகும் பொருளின் வேகத்தையும் அதன் ஒளியின் நிறமாலையைக் கொண்டு அறியலாம். பார்வைக்குக் குறுக்கே, இடமிருந்து வலமாகச் செல்லும் பொருளுக்கு அந்த முறை உதவாது. அதற்கு மாக்கின் கோட்டைப் போன்ற ஏதோவொரு சுவடு வேண்டும். அத்தகைய சுவடு அகப்பட்டதும், முதலில் அகப்பட்டது வேறொன்றாக இருந்ததும் சுவையான கதை.

மோதுகின்றவை எவை என்பதை முதலிற் சொல்லவேண்டும். நமது சூரியன் பால்வீதி என்னும் நட்சத்திரத் திரளில் ஓர் உறுப்பு. இத்தகைய திரளை உடுமண்டலம் என்பர். உடுமண்டலங்களும் தனித்து நிற்பதில்லை. நூற்றுக்கணக்காகவும் ஆயிரக்கணக்காகவும் கூடிக் கொத்துகளாக இருக்கின்றன. அமெரிக்க வானியலாரான ஜோர்ஜ் ஏபெல் 1958இல் வெளியிட்ட பட்டியலில் இத்தகைய கொத்துகள் 2,712 இடம்பெற்றன. அவற்றிற்கு அவர் இட்ட தொடர் எண்களே இன்றுவரை பெயராக வழங்குகின்றன. சிறிய கொத்துகளைப் பெரிய கொத்துகள் ஈர்ப்பினால் இழுத்து விழுங்கியே வளர்கின்றன. பிரபஞ்சத்தின் தோற்றத்துக்குப் பின்னர், இம்மோதல்களிலும் கூடிய சக்தியை வெளிப்படுத்தும் நிகழ்ச்சி வேறில்லை எனலாம்.

கொத்து என்றால் உடுமண்டலங்களின் கூட்டம் என்று எண்ணுவது இயல்பு. ஆனால் கொத்தின் திணிவில் உடுமண்டலங்களுக்குரிய பங்கு மிகச் சிறியது. நூற்றுக்குச் சில வீதமே. அவற்றிடையே வெற்றிடம்போலத் தோன்றும் வெளி முழுவதும் வாயு நிறைந்திருக்கின்றது. அதன் திணிவு நட்சத்திரங்கள் யாவற்றின் திணிவிலும் பல மடங்கு. எஞ்சிய பெரும்பகுதி, ஐந்தில் நான்கு பங்கு எனத்தக்கது, எவ்வித ஒளியும் வீசாத கரும்பொருள். அத்தகைய பொருள் இருக்கவேண்டும் என்று 1933இல் பிரிற்ஸ் சுவிக்கி கோமா என்னும் கொத்தை ஆராய்ந்து கூறியபோது, பலர் அதைப் பொருட்படுத்தவில்லை.

வாயுவைக் கண்ணாலும் சாதாரணத் தொலைகாட்டியாலும் காணமுடியாமற்போனதற்குக் காரணம் அதன் வெப்பம். கோடிக்கணக்கான பாகை வெப்பமுள்ள வாயு கண்ணுக்குப் புலனாகும் ஒளியை விட்டு எக்ஸ்-கதிர்களையே பெரிதும் வீசும். அக்கதிர்களை நமது வளிமண்டலம் தடுத்துவிடுகின்றது. 1970 டிசம்பர் 12ஆம் திகதி, கெனியாவின் கரைக்கு அப்பாலுள்ள மேடையிலிருந்து ஓர் எக்ஸ்-கதிர்ச் செய்மதி ஏவப்பட்டது. அன்று கெனியாவின் சுதந்திர தினம். ஆகவே சுவாகிலி மொழியிலே சுதந்திரம் எனப் பொருள்படும் 'உகுரு' என்னும் பெயரை அச்செய்மதிக்கு இட்டனர். கொத்துகள் பரந்த அளவில் எக்ஸ்-கதிர் வீசுகின்றன என்பதை உகுருவே தெளிவாகக் காட்டிற்று. இவ்வாயு எவ்வளவு ஐதானது என்பதையும் நேயர்கள் கருதவேண்டும். ஒரு கன மீற்றர் இடத்தில் ஏறத்தாழ ஆயிரம் துணிக்கைகள்தாம் இருக்கும். நாம் மூச்சு விடும் காற்றோடு ஒப்பிட்டால் இதை வெற்றிடம் என்றே சொல்லவேண்டும். ஆயினும் கொத்தின் பரப்பு பல இலட்சம் ஒளியாண்டு ஆகையால், சேர்த்துப் பார்க்கும்போது அளப்பரிய வாயுவாகின்றது.

வாயுவின் கூரிய படம் கிடைக்க 1999 ஜூலை வரை காத்திருக்கவேண்டியிருந்தது. அம்மாதம் 'சந்திரா' என்னும் எக்ஸ்-கதிர் ஆய்வுக்கூடம் விண்ணுக்கு அனுப்பப்பட்டது. நட்சத்திரங்களின் முடிவுபற்றிய ஆராய்ச்சிக்காக 1983இல் நோபல் பரிசு பெற்றவரும், சென்னை மாநிலக் கல்லூரியிலே பயின்றவருமான சுப்பிரமணியன் சந்திரசேகரின் பெயரை அது தாங்கி நிற்கின்றது. எக்ஸ்-கதிரைச் சாதாரண ஆடியாற் குவிக்க இயலாது. நேரே விழுந்தால் கதிர் ஆடிக்குள்ளே புகுந்துவிடும். குளத்து நீரின்மேற் சாய்வாக எறிந்த ஓட்டுத் துண்டு தத்திச் செல்வதுபோல, ஆடியை உரசிக்கொண்டு செல்லும் கதிர் மட்டுமே தெறிக்கும். ஆகையால் சந்திராவின் ஆடிகள் குழாய்போன்ற வடிவில் ஒன்றுக்குள் ஒன்றாக அமைக்கப்பட்டன. படத்தோடு, வந்து விழும் ஒவ்வொரு கதிரின் சக்தியையும் அக்கருவி குறித்துக்கொள்ளும். படத்தின் பிரகாசம் வாயுவின் அடர்த்தியைக் காட்டும். கதிர்களின் சக்தி வாயுவின் வெப்பநிலையைக் காட்டும். இவ்விரண்டையும் பிரித்தறியும் வசதியே பின்வரும் கதையின் திறவுகோல்.

வடகிரீடம் என்னும் நட்சத்திரக் குழுவின் திசையிலே, ஏறத்தாழ 120 கோடி ஒளியாண்டு தூரத்தில் ஏபெல் 2142 என்னும் கொத்து உண்டு. சந்திரா எடுத்த படத்தில் அதன் வாயு மெல்ல மெல்ல மங்கிச் செல்லவில்லை. கத்தியால் வெட்டியதுபோன்ற இரு விளிம்புகளிலே பிரகாசம் திடீரெனக் குறைந்தது. மோதும் கொத்தில் இத்தகைய கூரிய விளிம்பு தெரிந்தால் அது அதிர்ச்சியலையாகவே இருக்கும் என்பது பொதுவான எதிர்பார்ப்பு. மாக்சிம் மார்க்கெவிச்சும் அவருடைய தோழர்களும் விளிம்பின் இருபுறத்து வெப்பநிலையையும் அளந்தனர். முடிவு நேர்மாறாக இருந்தது.

அதிர்ச்சியலை கடந்து சென்ற பக்கத்திலே வாயு நெருக்குண்டிருக்கும். நெருக்குண்ட வாயு சூடேறும். ஆகவே அடர்ந்த பக்கமே வெப்பமான பக்கம். அமுக்கமும் அங்கே பெரிதும் உயர்ந்திருக்கும். ஏபெல் 2142இலோ அடர்ந்த பக்கம் குளிர்ந்திருந்தது; ஐதான வெளிப்பக்கம் வெப்பமாக இருந்தது. அடர்த்தியையும் வெப்பநிலையையும் பெருக்கினால் வருவது அமுக்கம். அது விளிம்பின் இருபுறமும் ஏறக்குறையச் சமமாகவே இருந்தது. அஃதாவது, ஒன்றையொன்று தள்ளிச் சமநிலையில் நிற்கும் இருவேறு வாயுக்களின் எல்லையே அது. பாத்திரத்திலே எண்ணெய்க்கும் நீருக்கும் இடையிலுள்ள கோடு கூர்மையானதுதான். அங்கே எவ்வித அதிர்ச்சியும் இல்லை. கண்ணுக்கு ஒரேமாதிரித் தோன்றும் இரு விளிம்புகளுள் எது எதுவெனச் சொல்லப் படம் போதவில்லை; வெப்பமானி வேண்டியிருந்தது. இக்கண்டுபிடிப்பு 2000ஆம் ஆண்டில் வெளிவந்தது.

இவ்வகை விளிம்புக்குக் 'குளிர்முகப்பு' என்னும் பெயர் அடுத்த ஆண்டிலே வழக்குக்கு வந்தது. வானிலை அவதானிகள் குளிர்ந்த காற்றுத் திரளுக்கும் வெப்பக் காற்றுத் திரளுக்கும் இடையிலுள்ள எல்லையை அவ்வாறு அழைப்பர். முதலாம் உலகப் போரை அடுத்து நோர்வே நாட்டு அறிஞர்கள் போர்முனையை நினைவில் வைத்து இட்ட பெயர் அது. பெயர் பொருத்தமானதே, ஆனால் 'குளிர்' என்னும் சொல்லைக் கேட்டு ஏமாறலாகாது. மயில் என்னும் தென்வான் நட்சத்திரக் குழுவிலுள்ள ஏபெல் 3667 என்னும் கொத்தின் குளிர்முகப்பில், குளிர்ந்த பக்கத்தின் வெப்பநிலை ஏறத்தாழ 4½ கோடிப் பாகை; வெப்பமான பக்கத்திலே அது 9 கோடிப் பாகை.

2001இல் அலெக்ஸி விக்லினின், மார்க்கெவிச் முதலியோர் ஆராய்ந்த இந்த ஏபெல் 3667, குளிர்முகப்பும் வேகத்தைச் சொல்லவல்லது என்பதைக் காட்டிற்று. 1732இல் ஹென்றி பிற்றோ என்னும் பிரெஞ்சுப் பொறியியலாளர் பாரிஸ் நகரத்துச் செயின் நதியில், நீரோட்டத்தை எதிர்நோக்கி வளைந்த குழாயொன்றை இறக்கி, அதனுள் நீர் எவ்வளவு உயர்கின்றது என்று பார்த்து ஓட்டத்தின் வேகத்தை அளந்தார். ஆகாய விமானங்கள் இன்றும் அவ்வுபாயத்தாலேயே தம் வேகத்தை அறிகின்றன. குளிர்ந்த வாயுத்திரளின் மூக்கும் அத்தகைய குழாயே. அங்கே எதிர்வாயு தடைப்பட்டு நிற்பதால் அமுக்கம் உயரும். எட்டத்திலே, குழப்பமடையாத வாயுவின் அமுக்கம் குறைந்திருக்கும். இரண்டையும் ஒப்பிட்டபோது, அத்திரள் செக்கனுக்கு ஏறத்தாழ 1,400 கிலோமீற்றர் வேகத்தில், ஒலியின் வேகத்தை ஒட்டியே செல்வது புலனாயிற்று. ஒலி அங்கே செக்கனுக்கு 340 மீற்றர் அன்று. பத்துக் கோடிப் பாகை வாயுவிலே ஒலியின் வேகம் செக்கனுக்கு ஏறத்தாழ 1,500 கிலோமீற்றர்.

அதே விளிம்பு மற்றொரு புதிரையும் கிளப்பியது. வெப்ப வாயுவும் குளிர் வாயுவும் தொட்டுக்கொண்டிருந்தால், துணிக்கைகள் எல்லையைக் கடந்து கலந்து, வெப்பமும் பரவி, விளிம்பு விரைவில் மங்கிப்போகவேண்டும். அவ்வாயுவிலுள்ள ஒரு துணிக்கை இன்னொன்றோடு மோதுமுன் செல்லும் சராசரித் தூரம் பல ஆயிரம் ஒளியாண்டு. விளிம்பின் தடிப்போ அத்தூரத்திலும் இரண்டு மூன்று மடங்கு குறைவாக இருந்தது. துணிக்கைகளை ஏதோ ஒன்று மறித்து நிற்கின்றது. அது காந்தமண்டலமே என்பது ஆராய்ச்சியாளரின் முடிவு. நகரும் திரளின் முகத்திலே காந்தக் கோடுகள் போர்வைபோல இழுபட்டுப் படிகின்றன. மின்னேற்றமுள்ள துணிக்கைகள் அக்கோடுகளைக் குறுக்கே கடக்கமாட்டா. இதற்கு வேண்டிய காந்த வலிமை, பூமியின் காந்தத்தில் ஐம்பதினாயிரத்தில் ஒரு பங்களவே. இவ்வளவு நலிந்த காந்தம், இலட்சக்கணக்கான ஒளியாண்டு நீளமான எல்லையைக் கலையாமற் காக்கின்றது!

அவ்வாறாயின் எதிர்பார்த்த அதிர்ச்சியலை எங்கே? அதனைத் தென்வானிலுள்ள வேறொரு கொத்து காட்டிற்று. அதன் ஒளி நம்மை வந்தடைய முந்நூறு கோடி ஆண்டுகளுக்கு மேற்பட்டுள்ளது. நீண்ட பட்டியல் எண்ணுக்குப் பதிலாகத் 'துப்பாக்கிக் குண்டுக் கொத்து' என்றே அதனை இப்போது அழைக்கின்றனர். ஒரு சிறு கொத்து பெருங்கொத்தொன்றின் நடுவே ஊடுருவி மறுபுறம் வெளிப்பட்டு நிற்கும் காட்சி அது. சிறு கொத்தின் வாயு, முனை கூரிய குண்டைப்போலவே தோன்றுகின்றது. அதற்கு முன்னே வில்லாக வளைந்த இரண்டாவது விளிம்பு ஒன்று. மாக் எடுத்த புகைப்படத்தைப் பக்கத்தில் வைத்துப் பார்ப்பவர் வியவாதிருக்க முடியாது. 2002இல் மார்க்கெவிச் குழுவினர் இங்கும் வெப்பநிலையை அளந்தனர். குண்டின் விளிம்பிலே அடர்ந்த பக்கம் குளிர்ந்திருந்தது. ஆகவே அது குளிர்முகப்பு. முன்னேயுள்ள வில்லின் உட்புறமோ வெளிப்புறத்தைவிட வெப்பமானது, அதுவே அதிர்ச்சியலை. இருவகை விளிம்பும் ஒரே படத்தில், ஒன்றன்முன் ஒன்றாக நின்றன.

அதிர்ச்சியலையின் வேகத்தைக் காண்பதற்கு வழி பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே இராங்கின், யூகோனியோ என்னும் இருவர் வகுத்த சமன்பாடுகளில் இருந்தது. வாயு எத்தனை மடங்கு நெருக்குண்டது என்று தெரிந்தால், அலை ஒலியைவிட எத்தனை மடங்கு விரைந்தது என்பது கிடைத்துவிடும். இத்தகைய வாயுவை எவ்வளவு வலிய அதிர்ச்சியும் நான்கு மடங்குக்கு மேல் நெருக்கமாட்டாது. குண்டுக் கொத்திலே நெருக்கம் ஏறத்தாழ மும்மடங்கு. அதற்குரிய மாக் எண்ணும் மூன்றளவே. ஒலியின் வேகத்தாற் பெருக்கினால் செக்கனுக்கு ஏறக்குறைய 4,700 கிலோமீற்றர் வருகின்றது.

இந்த எண் சிலரைக் கலக்கியது. ஈர்ப்பு மட்டும் இழுத்து ஒரு கொத்துக்கு இவ்வளவு வேகத்தைக் கொடுக்கக்கூடுமா என்ற ஐயம் எழுந்தது. பிரபஞ்ச வளர்ச்சிபற்றிய கொள்கையே பிழையோ என்றும் கேட்டனர். 2007இல் கணனியில் இம்மோதலை நடத்திப் பார்த்தவர்கள் விடையொன்றைக் கண்டனர். 4,700 கிலோமீற்றர் என்பது அலைக்கும் அதன் முன்னுள்ள வாயுவுக்கும் இடைப்பட்ட வேகம். அந்த வாயுவும் சும்மா இருக்கவில்லை; சிறு கொத்தின் ஈர்ப்புக்கு ஆட்பட்டு எதிரே விழுந்துகொண்டிருக்கின்றது. எதிர்த்து வரும் புகையிரதத்தில் இருப்பவனுக்கு மற்றப் புகையிரதம் இருமடங்கு விரைவாகத் தோன்றுவது போன்றதே இது. சிறு கொத்தின் உண்மையான வேகம் செக்கனுக்கு 2,700 கிலோமீற்றரளவே எனக் கணிக்கப்பட்டது. கொள்கை தப்பிற்று. அளந்த எண் எதனுடைய வேகம் என்று கேளாமல் அவசரப்பட்டதே முன்னைய கலக்கத்துக்குக் காரணம் என்று சொல்லத் தோன்றுகின்றது.

மோதலிலே வாயுவும் வாயுவும் ஒன்றையொன்று தடுத்துப் பின்தங்கின. உடுமண்டலங்களோ தம்மிடையே பெரும் இடைவெளி உள்ளவையாதலால், எதிர்ப்பட்ட இரு சனக்கூட்டம் விலகிச் செல்வதுபோல, தடையின்றிக் கடந்துபோயின. கரும்பொருள் எப்பக்கம் சென்றது? திணிவுள்ள பொருள் தனக்குப் பின்னாலிருந்து வரும் ஒளியை வளைக்கும். அவ்வளைவை அளந்தால் கண்ணுக்குத் தெரியாத திணிவின் இருப்பிடமும் வெளிப்படும். டக்ளஸ் குளோவும் தோழர்களும் 2006இல் இதைச் செய்தனர். சாதாரணப் பொருளின் பெரும்பகுதி வாயுவிலே இருக்க, திணிவின் பெரும்பகுதி வாயுவை விட்டு விலகி உடுமண்டலங்களோடு முன்னே நின்றது. ஈர்ப்பு விதியை மாற்றியமைத்தாற் கரும்பொருள் வேண்டாம் என்று வாதிட்டவர்களுக்கு இது கடுமையான அடி. சுவிக்கி கூறி 73 ஆண்டுகளின் பின்னர், கரும்பொருள் சாதாரணப் பொருளிலிருந்து பிரிந்து நிற்கக் காணப்பட்டது.

அதிர்ச்சியலைகளுக்கு வானொலியோடும் தொடர்பு உண்டு. அலை கடக்கும்போது சில இலத்திரன்கள் திரும்பத் திரும்ப உந்தப்பட்டு ஒளியின் வேகத்தை நெருங்குகின்றன. காந்தமண்டலத்திலே சுழன்று வானொலி அலைகளை வீசுகின்றன. முன்னே கூறிய ஏபெல் 3667இன் இருபுற ஓரங்களிலும், நடுவிலிருந்து வெகுதூரத்தில், இத்தகைய இரு பெரும் வில்கள் உள்ளன. அவுஸ்திரேலியாவின் வானொலித் தொலைகாட்டிகள் அவற்றை ஆராய்ந்தன. 2022இல் தென் ஆபிரிக்காவின் மீர்கற் தொலைகாட்டி அவற்றின் இழைகளையே பிரித்துக் காட்டிற்று. எக்ஸ்-கதிர் மங்கி மறையும் தூரத்திலும் அதிர்ச்சியலையின் போக்கை வானொலி அறிவிக்கின்றது.

குளிர்முகப்புகள் யாவும் இத்தகைய கடும் மோதலின் விளைவுகள் அல்ல. அமைதியாகத் தோன்றும் கொத்துகளிலும் அவை மலிந்து காணப்பட்டபோது வேறு விளக்கம் தேவைப்பட்டது. சிறு கொத்தொன்று நடுவிலே மோதாமல் ஓரமாகக் கடந்து சென்றாலும், அதன் ஈர்ப்பு பெருங்கொத்தின் நடுவை அசைத்துவிடும். நீர் நிறைந்த பாத்திரத்தைச் சற்று இழுத்துவிட்டால் நீர் இப்புறமும் அப்புறமும் தளம்புவதுபோல, நடுவிலுள்ள குளிர்ந்த வாயு கோடிக்கணக்கான ஆண்டுகள் தளம்பிக்கொண்டிருக்கும். தளம்பல் சுழியாக விரிய, அச்சுழியின் ஓரங்கள் குளிர்முகப்புகளாகின்றன. முதன்முதல் அறியப்பட்ட ஏபெல் 2142இன் விளிம்புகளும் இவ்வகையினவே எனப் பின்வந்த ஆய்வுகள் கருதுகின்றன.

ஏறத்தாழ 24 கோடி ஒளியாண்டு தூரத்திலுள்ள பேர்சியஸ் கொத்திலே தளம்பலின் அடையாளங்கள் தெளிவாக உள்ளன. குளிர் வாயுவும் வெப்ப வாயுவும் ஒன்றின்மேல் ஒன்று வழுக்கிச் செல்லுமிடத்தில், கடலின்மேற் காற்று வீசும்போது அலை எழுவதுபோல ஓர் அலை சுருண்டிருப்பதை 2017இல் அறிவித்தனர். அதன் நீளம் இரண்டு இலட்சம் ஒளியாண்டு. அடுத்த ஆண்டில், நடுவிலிருந்து இருபது இலட்சம் ஒளியாண்டுக்கு அப்பால் மற்றொரு குளிர்முகப்பு இரண்டாகப் பிளந்து காணப்பட்டது. அது புறப்பட்டு ஏறத்தாழ 500 கோடி ஆண்டு ஆகியிருக்கும் எனக் கணித்துள்ளனர். பூமியின் வயதிலும் அது மூத்தது. இவ்வளவு காலம் நகர்ந்தும் அதன் கூர்மை கெடவில்லை.

அண்மைக்காலம்வரை வாயுவின் வேகம் விளிம்புகளிலிருந்து உய்த்துணரப்பட்டதேயன்றி நேரே அளக்கப்படவில்லை. 2016 பெப்ரவரியில் ஜப்பான் ஏவிய ஹிற்றோமி என்னும் செய்மதி, பேர்சியஸ் கொத்தின் நடுவில் இரும்பணுக்கள் வீசும் எக்ஸ்-கதிரை மிக நுட்பமாகப் பகுத்து, அங்கே வாயுவின் குழப்ப வேகம் செக்கனுக்கு ஏறத்தாழ 164 கிலோமீற்றர் என்று கண்டது. ஒலியின் வேகத்தோடு ஒப்பிட்டால் இது மிகச் சிறிது. அடுத்த மாதமே அச்செய்மதி செயலிழந்தது. அதன் இடத்தை நிரப்ப 2023 செப்ரெம்பரில் எக்ஸ்றிஸம் என்னும் மற்றொரு செய்மதியை ஜப்பான் அனுப்பியது. தளம்பும் வாயு நம்மை நோக்கியும் நம்மைவிட்டும் எவ்வளவு விரைவாக அசைகின்றது என்பதை அது இப்போது ஒவ்வொரு கொத்தாக அளந்து வருகின்றது.